வாடகை பாக்கிக்கு நோட்டீஸ் வந்துவிட்டது: கட்டுவதா, தவணை கேட்பதா, கிளம்புவதா, எதிர்ப்பதா?

இரண்டு மாத வாடகை நின்றுபோயிருக்கிறது. வீட்டுக்காரரின் வக்கீலிடமிருந்து ஒரு தபால் வருகிறது. பாக்கியைக் கட்டு, இல்லாவிட்டால் காலி செய் என்பதுதான் அதன் சாரம். இந்த இடத்தில் குடியிருப்பவர்கள் திணறுவது நான்கு வழிகளுக்கு நடுவில்: கடன் வாங்கியாவது முழுதும் கட்டிவிடுவது, தவணை பேசுவது, அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வேறு வீடு பார்ப்பது, வருவது வரட்டும் என்று எதிர்த்து நிற்பது.

நான்குமே சரியாக இருக்கக்கூடிய நேரங்கள் உண்டு. ஆனால் நான்குக்கும் கெடு ஒன்றுதான். நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து ஒரு மாதம். அந்த ஒரு மாதம் மட்டும்தான் முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. அதற்குப் பிறகு முடிவெடுக்கும் இடத்தில் வீட்டுக்காரரும் நீதிமன்றமும் வந்துவிடுவார்கள். ஆகவே எந்த வழியானாலும் முதல் வாரத்திலேயே தேர்ந்துவிட வேண்டும்.

இங்கே பேசுவது தமிழ்நாட்டு நகரங்களில் உள்ள வாடகை வீடுகளைப் பற்றி. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்துக்கு வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. "வேண்டுமென்றே பாக்கி வைத்தார் என்று நிரூபித்தால்தான் வெளியேற்ற முடியும், கோர்ட்டில் பல வருஷம் இழுக்கலாம்" என்று பெரியவர்கள் சொல்லும் யோசனை பழைய சட்டத்தைச் சேர்ந்தது. புதிய சட்டம் உங்கள் மனதில் என்ன இருந்தது என்று கேட்பதில்லை. பாக்கி எத்தனை மாதம், நோட்டீஸ் கொடுத்தாயிற்றா, ஒரு மாதத்துக்குள் கட்டினாரா என்று பார்க்கிறது, அவ்வளவுதான்.

முதலில் நோட்டீஸைப் படியுங்கள்

வாடகை பாக்கிக்காக வெளியேற்றக் கேட்கும் மனு நிற்க வேண்டுமானால், 21-ஆம் பிரிவின்படி சில விஷயங்கள் சேர்ந்து இருக்க வேண்டும். வாடகையும் மற்றக் கட்டணங்களும் இரண்டு மாத அளவுக்கு நின்றிருக்க வேண்டும். வீட்டுக்காரர் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். அந்த நோட்டீஸ் முறையாகச் சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்து ஒரு மாதமாகியும், வட்டி உட்பட முழு பாக்கியும் வராமல் இருக்க வேண்டும். ஐந்தாம் தேதி தர வேண்டிய வாடகையைப் பதினைந்தாம் தேதி கொடுத்தீர்கள் என்பதற்காக மட்டும் இந்தப் பிரிவில் யாரும் வெளியேற்ற முடியாது. ஒரு மாத பாக்கிக்கும் முடியாது.

எப்படிச் சேர்ந்தால் முறையாகச் சேர்ந்ததாகக் கணக்கு? 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 106-ஆம் பிரிவில் வழி சொல்கிறது: கையெழுத்திட்ட எழுத்து, தபாலில் வரலாம், நேரில் தரலாம், வீட்டில் இருக்கும் குடும்பத்தாரிடமோ வேலைக்காரரிடமோ கொடுக்கலாம், இது எதுவும் முடியாதபோது வீட்டில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். மாடிப்படியில் நின்று சத்தம் போடுவது நோட்டீஸ் ஆகாது. வாட்ஸ்அப் செய்தி இந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் அதை அலட்சியம் செய்யாதீர்கள், பின்னால் வரப்போகும் தபாலுக்கு அது முன்னறிவிப்பு.

நிறையப் பேர் தவறுவது தபால்காரரிடம். வக்கீல் கவர் என்று தெரிந்ததும் வாங்க மறுத்துவிடுகிறார்கள். சரியான முகவரிக்கு வந்த தபாலை மறுத்தால் அது சேர்ந்ததாகவே நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்கின்றன. ஒரு மாதம் ஓடத் தொடங்கிவிடும், உள்ளே என்ன தொகை கேட்டிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாமலே. வாங்குங்கள். கவரின் மேல் வாங்கிய தேதியை எழுதுங்கள். கவரைத் தூக்கிப் போடாதீர்கள், தபால் முத்திரை அதில்தான் இருக்கிறது.

"15 நாளில் காலி செய்யவும்" என்று மட்டும் எழுதியிருக்கும் நோட்டீஸ்களும் வருகின்றன. மாத வாடகைக் குடித்தனத்தை முடித்துக்கொள்ளச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் தரும் கால அளவு அது. அந்த 15 நாள் முடிந்தாலும் உங்களை வீட்டை விட்டு இறக்க வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். வீட்டுக்காரர், வக்கீல், காவல் நிலையம் யாருக்கும் அந்த அதிகாரம் கிடையாது.

எதை வைத்து முடிவெடுப்பது

பாக்கி எவ்வளவு என்பதை விட, கீழே உள்ள கேள்விகளுக்கான பதில்தான் வழியைத் தீர்மானிக்கும்.

- முழுத் தொகையும் ஒரு மாதத்துக்குள் புரளுமா? பாதி புரண்டால் அது வேறு கணக்கு.
- அடுத்த ஆறு மாதம் இதே வாடகையைத் தடையில்லாமல் கட்ட முடியுமா?
- எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா? அது வாடகை அதிகார அமைப்பில் (இந்தச் சட்டத்துக்கென அரசு நியமித்திருக்கும் அதிகாரியின் அலுவலகம், Rent Authority) பதிவாகி எண் கிடைத்திருக்கிறதா?
- கொடுத்த வாடகைக்கெல்லாம் ரசீதோ வங்கிப் பதிவோ இருக்கிறதா, அல்லது எல்லாம் ரொக்கமா?
- இதே வீட்டில் முன்பு ஒருமுறை நோட்டீஸுக்குப் பிறகு பாக்கியைக் கட்டித் தப்பியிருக்கிறீர்களா?
- அட்வான்ஸ் பாக்கியைத் தாண்டி எவ்வளவு மிஞ்சும்?

மூன்றாவது கேள்வியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். 11 மாத அக்ரிமென்ட்டுக்குப் பதிவு தேவையில்லை என்பது பதிவுத் துறையின் பழைய கணக்கு. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எத்தனை மாதத்துக்கான ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிவாக வேண்டும். பதிவாகாத ஒப்பந்தத்தைச் சான்றாகக் காட்டி உரிமை கோருவது கடினம். அதைவிடப் பெரிய ஆபத்து: எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதே வெளியேற்றக் கேட்பதற்குத் தனியான ஒரு காரணம். வாடகை ஒரு ரூபாய் பாக்கி இல்லாதவர் மீதும் இந்தக் காரணத்தில் மனுப் போடலாம். காகிதம் இல்லாதவர் வழக்காடுவது பற்றி யோசிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

வழி 1: ஒரு மாதத்துக்குள் முழுதும் கட்டிவிடுவது

பணம் புரளும் என்றால், அதிகம் யோசிக்காமல் எடுக்க வேண்டிய வழி இதுதான். ஒரு மாதத்துக்குள் முழு பாக்கியும் வட்டியோடு கட்டியாகிவிட்டால், அந்தப் பாக்கியைக் காரணம் காட்டி வெளியேற்ற உத்தரவு போட முடியாது. மீதி மூன்று வழிகளில் எதற்கும் இந்த உறுதி கிடையாது.

இதில் வழுக்கும் இடம் "முழு" என்ற சொல். ஒரு கணக்கைப் பார்ப்போம். வாடகை 12,000 ரூபாய், பராமரிப்பு 1,000 ரூபாய், மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் தர வேண்டும். ஜூன், ஜூலை இரண்டும் நின்றுவிட்டன. ஜூலை 10 அன்று நோட்டீஸ் கைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் தாமத வாடகைக்கு மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று இருக்கிறது. நீங்கள் ஆகஸ்ட் 5 அன்று கட்டுகிறீர்கள்.

இரண்டு மாத வாடகை 24,000. பராமரிப்பு 2,000. ஜூன் வாடகைக்கு இரண்டு மாத வட்டி 240, ஜூலைக்கு ஒரு மாத வட்டி 120. ஆக 26,360 ரூபாய். இதில் 24,000 மட்டும் அனுப்பிவிட்டு "வாடகை கொடுத்தாயிற்று" என்று இருந்துவிட்டால், முழு பாக்கி கட்டியதாகாது. சட்டம் வாடகையோடு மற்றக் கட்டணங்களையும் சேர்த்தே கேட்கிறது. தண்ணீர், மோட்டார் கரண்ட், பராமரிப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது எல்லாம் கணக்கில் வரும்.

இன்னொன்று: அதே ஆகஸ்ட் 5-இல் ஆகஸ்ட் மாத வாடகையும் வந்து நிற்கிறது, 13,000 ரூபாய். ஆக உண்மையில் புரட்ட வேண்டியது 39,360. நோட்டீஸில் உள்ள தொகையை மட்டும் பார்த்துக் கடன் வாங்கியவர்கள், பழைய பாக்கியை அடைத்த கையோடு புதிய பாக்கியைத் தொடங்கிவிடுகிறார்கள்.

கட்டும் முறையில் கவனம் வேண்டும். வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ அனுப்புங்கள். இப்படி அனுப்பினால் வங்கியின் ஒப்புகையே போதிய சான்று. குறிப்பு எழுதும் இடத்தைக் காலியாக விடாமல் "ஜூன் வாடகை", "ஜூலை வாடகை", "ஜூன் ஜூலை பராமரிப்பு, வட்டி" என்று தனித்தனியாக அனுப்புவது நல்லது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 59, 60-ஆம் பிரிவுகளின்படி, எந்தக் கடனுக்கு என்று சொல்லிக் கொடுத்தால் அதற்குத்தான் வரவு வைக்க வேண்டும். சொல்லாமல் கொடுத்தால் வாங்குபவர் தன் விருப்பப்படி வரவு வைத்துக்கொள்ளலாம். நீங்கள் ஜூலைக்கு என்று நினைத்து அனுப்பியது என்றோ விட்டுப்போன பழைய பெயின்ட் செலவுக்குப் போய்விட்டதாக அவர் சொன்னால் மறுப்பது கஷ்டம்.

ரொக்கமாகத்தான் வேண்டும் என்றால், கையெழுத்திட்ட ரசீது உடனே வேண்டும். அதைக் கேட்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. ரசீது தரமாட்டேன் என்பவரிடம் ரொக்கம் கொடுக்காதீர்கள்.

பணம் போன அன்றே ஒரு சிறு கடிதம் எழுதி வக்கீலுக்கும் வீட்டுக்காரருக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025 செப்டம்பர் முதல் ஸ்பீட் போஸ்டோடு இணைந்துவிட்டது, அதிலேயே ஒப்புகை கேட்டுப் பெறலாம். இப்படி இருந்தால் போதும்:

"ஐயா, தங்கள் நோட்டீஸ் ஜூலை 10 அன்று கிடைத்தது. ஜூன், ஜூலை வாடகை ரூ. 24,000, பராமரிப்பு ரூ. 2,000, ஒப்பந்தப்படி வட்டி ரூ. 360, ஆக ரூ. 26,360-ஐயும், ஆகஸ்ட் மாதத்துக்கான ரூ. 13,000-ஐயும் ஆகஸ்ட் 5 அன்று தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்திவிட்டேன். பரிவர்த்தனை எண்கள் கீழே உள்ளன. வேறு ஏதும் பாக்கி இருப்பதாகத் தாங்கள் கருதினால் விவரத்துடன் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்."

கடைசி வரி முக்கியம். அவர் பதில் எழுதாமல் இருந்துவிட்டு ஆறு மாதம் கழித்துப் புதிய கணக்கோடு வந்தால், இந்தக் கடிதம் உங்கள் பக்கம் பேசும். வட்டி விகிதம் ஒப்பந்தத்திலும் இல்லை, நோட்டீஸிலும் இல்லை என்றால், என்ன கணக்கு என்று முதல் வாரமே எழுத்தில் கேளுங்கள். கடைசி நாளில் கேட்டு பதிலுக்குக் காத்திருக்க முடியாது.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, இந்தப் பாதுகாப்பை ஒருமுறை பயன்படுத்திய பிறகு, ஏதேனும் ஓராண்டில் தொடர்ந்து இரண்டு மாதம் மறுபடி தவறினால், அதே சலுகை திரும்பக் கிடைக்காது. மற்றது, பணத்தை எங்கிருந்து புரட்டுகிறீர்கள் என்பது. வங்கி நகைக்கடன் என்றால் தாங்கலாம். மீட்டர் வட்டிக்கு வாங்கி வாடகை கட்டுவது, அடுத்த மாத வருமானமும் நிச்சயமில்லாத வீட்டில் பெரிய தவறு. வீட்டுக்காரருக்குப் பதில் வட்டிக்காரர் வாசலில் நிற்பார், அவருக்கு நோட்டீஸ் காலம் ஒன்றும் கிடையாது.

வழி 2: தவணை பேசுவது

வருமானம் நின்றது தற்காலிகம், சம்பளம் வரப்போகிறது, ஆனால் ஒரே மாதத்தில் முழுத் தொகையும் வராது என்பவருக்கான வழி. வீட்டுக்காரருக்கும் இதில் லாபம் உண்டு. காலி வீடு, புரோக்கர் கமிஷன், வழக்குச் செலவு எல்லாம் அவருக்கும் இழப்புதான். நான்கு வருடம் ஒழுங்காகக் கட்டிய குடித்தனத்தை இரண்டு மாத பாக்கிக்காக இழக்க எல்லாரும் விரும்புவதில்லை. நேரில் போய், தேதியும் தொகையும் தயாராக வைத்துக்கொண்டு பேசினால் பலர் இறங்கி வருவார்கள் என்று நம்பலாம்.

ஆனால் வாய்ப்பேச்சு நோட்டீஸின் ஓட்டத்தை நிறுத்தாது. "சரி, பார்த்துக் கொடுங்க" என்று அவர் சொன்னதை நம்பி மாதம் கழிந்துவிட்டால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் முழுதும் கட்டாதவர். நோட்டீஸுக்குப் பிறகு கொஞ்சம் பணம் வாங்கிவிட்டாரே, அதனால் நோட்டீஸ் செல்லாது என்றும் நினைத்திருக்க வேண்டாம். எழுத்தில் இவை இருக்க வேண்டும்: மொத்தப் பாக்கி, ஒவ்வொரு தவணையின் தேதியும் தொகையும், நடப்பு மாத வாடகை தனி என்பது, தவணை ஒழுங்காக வரும்வரை இந்த நோட்டீஸின் பேரில் மனுப் போடுவதில்லை என்ற வாக்கு, இரு தரப்புக் கையெழுத்து, ஒரு சாட்சி.

கையெழுத்துப் போடும் முன் கடைசிப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். "மேற்படி தவணை தவறினால் எந்த ஆட்சேபணையும் இன்றி இன்ன தேதிக்குள் வீட்டைக் காலி செய்து ஒப்படைக்கிறேன்" என்ற வரி சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடும். உங்கள் கையெழுத்தோடு அந்த வரி நீதிமன்றத்துக்குப் போனால், தவணை தள்ளிப்போனதற்கு என்ன காரணம் சொன்னாலும் எடுபடுவது கடினம். அதை எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க மறுத்தால், பிரச்சினை பணத்தில் இல்லை, அவருக்கு வீடு வேண்டும் என்று புரிந்துகொண்டு மற்ற வழிகளைப் பாருங்கள்.

வீட்டுக்காரரும் சம்மதித்தால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரச மனுவாகக் கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் தவணையைப் பதிவு செய்துகொள்ளலாம். கட்டணம் இல்லை. அங்கே எழுதப்படுவது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அந்தக் கத்தி உங்கள் பக்கமும் வெட்டும். கட்ட முடியாத தவணைக்கு அங்கே தலையாட்டாதீர்கள்.

தவணையை எத்தனை மாதத்துக்குப் பரப்புவது? நடப்பு வாடகையோடு சேர்த்து உங்களால் தாங்க முடிந்ததில் சற்றுக் குறைவாகவே ஒப்புக்கொள்ளுங்கள். பெரிய தொகையைச் சொல்லி வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்திவிட்டு இரண்டாவது தவணையிலேயே தவறுவதுதான் இந்த வழி பெரும்பாலும் உடையும் இடம்.

வழி 3: அட்வான்ஸில் கழித்துவிட்டுக் கிளம்புவது

இதில் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அதே வீட்டில் இருப்பது ஒன்று. கழித்துக்கொண்டு மீதியை வாங்கி வெளியேறுவது மற்றொன்று.

முதலாவது ஒரு வழியே அல்ல. அட்வான்ஸ் என்பது வீட்டை விட்டுப் போகும்போது தீர்க்க வேண்டிய தொகை. வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதிக்காமல் நீங்களாகக் கழித்துக்கொண்டால் பாக்கி பாக்கியாகவே நிற்கும், இரண்டு மாதம் ஆனதும் நோட்டீஸுக்குத் தகுதியாகிவிடும்.

இரண்டாவது, பல குடும்பங்களுக்குச் சரியான முடிவு. வருமானம் நிரந்தரமாகக் குறைந்துவிட்டது, இந்த வாடகை இனித் தாங்காது என்றால், கடன் வாங்கி இரண்டு மாத பாக்கியைக் கட்டி நான்காவது மாதம் மறுபடி மாட்டிக்கொள்வதை விட, அட்வான்ஸ் கையில் மிஞ்சும்போதே கிளம்புவது நல்லது. சட்டம் அட்வான்ஸை மூன்று மாத வாடகை என்கிறது, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளவும் இடம் தருகிறது. சென்னையில் பத்து மாத வாடகை வரை வாங்கிய பழக்கம் உண்டு. அப்படிப் பெரிய தொகை கொடுத்திருந்தால் இந்த வழியின் பலம் கூடுகிறது. மூன்று மாத அட்வான்ஸில் இரண்டு மாத பாக்கி போனால், புதிய வீட்டுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது.

கணக்கிடும்போது மிச்சத்தைக் கரைக்கும் செலவுகளையும் எழுதுங்கள்: ஒப்பந்தத்தில் சொன்ன முன்னறிவிப்புக் காலத்துக்கான வாடகை, பெயின்ட் அடிக்க என்று பிடிக்கும் தொகை, கடைசி மின் கட்டணம், வண்டிக் கூலி, புதிய வீட்டின் புரோக்கர் கமிஷன். குறிப்பிட்ட காலம் வரை காலி செய்யக் கூடாது என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வெளியேறும் நாளில் செய்ய வேண்டியவை:

1. காலி செய்யும் தேதியை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும்.
2. மின் மீட்டரைத் தேதி தெரியும்படி படம் எடுங்கள். ஒவ்வொரு அறையையும், குழாய், கதவு, சுவிட்ச் பலகை உட்பட, வீடியோ எடுங்கள்.
3. பாக்கி, கழிவு, மீதி என்று மூன்று வரியில் கணக்கு எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்.
4. சாவி ஒப்படைத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். இது இல்லையென்றால், "அவர் சாவியே தரவில்லை, வாடகை ஓடுகிறது" என்ற பேச்சுக்கு பதில் இல்லை.

மீதி அட்வான்ஸை வீடு காலியான ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டம். "அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தருகிறேன்" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. முடிந்தவரை சாவியும் மீதித் தொகையும் ஒரே நாளில் கை மாறும்படி பேசிக்கொள்ளுங்கள். சாவி போன பிறகு உங்கள் கையில் பிடிமானம் ஒன்றும் இருக்காது.

வழி 4: எதிர்த்து நிற்பது

பணமில்லை, நாள் கடத்த வேண்டும் என்பதற்காக இந்த வழிக்கு வராதீர்கள். வழக்கு நடக்கும்போதும் மாத வாடகையைக் கட்டச் சொல்லி வாடகை நீதிமன்றம் உத்தரவிடலாம். குடித்தனம் முடிந்த பிறகும் வீட்டை விடாமல் இருந்தால் வாடகையைப் போல இரண்டு மடங்கில் தொடங்கும் இழப்பீடு ஏறும். வக்கீல் கட்டணம், வாய்தா நாளில் போகும் கூலி தனி. பாக்கி உண்மை, கையில் பணமும் இல்லை என்றால் இந்த வழி கடனைப் பெருக்குவதோடு முடியும்.

ஆனால் நியாயம் உங்கள் பக்கம் இருக்கும் நேரங்கள் உண்டு. அப்போது பயந்து கிளம்பக் கூடாது.

வாடகையை உயர்த்த நீங்கள் மறுத்ததால் வீட்டுக்காரர் பணத்தை வாங்காமல் விட்டு, பிறகு பாக்கி என்று நோட்டீஸ் விடுவது ஒன்று. யுபிஐயில் அனுப்பியது அன்று மாலையே திரும்பி வந்திருக்கும். அந்தத் திரும்பிய பதிவைப் படமெடுத்து வையுங்கள். மணியார்டரில் அனுப்புங்கள், அடுத்த மாதமும் அனுப்புங்கள், மறுத்துத் திரும்பும் ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். பிறகு வாடகை அதிகார அமைப்பில் அந்தத் தொகையைச் செலுத்த மனுக் கொடுங்கள். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி இதற்கென நியமிக்கப்பட்டிருக்கிறார். பணத்தை வீட்டிலேயே வைத்துக்கொண்டு "அவர்தான் வாங்கவில்லை" என்று சொல்வது போதாது.

வீட்டுக்காரர் இறந்துபோய், வாரிசுகள் ஆளுக்கொரு பக்கம் வாடகை கேட்பது மற்றொன்று. ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர் பாக்கி என்பார். இங்கேயும் அதிகார அமைப்பில் செலுத்துவதே பாதுகாப்பு.

மூன்றாவது, கணக்கே தவறு. ஏற்கெனவே கட்டிய மாதத்தைச் சேர்த்திருப்பார்கள், அல்லது ஒப்புக்கொள்ளாத புதிய வாடகையில் கணக்குப் போட்டிருப்பார்கள். உங்கள் கணக்கில் எவ்வளவு பாக்கியோ அதை மட்டுமாவது ஒரு மாதத்துக்குள் கட்டிவிட்டு, மீதியை ஏன் மறுக்கிறீர்கள் என்று வங்கிப் பதிவோடு பதில் எழுதுங்கள். சண்டை 4,000 ரூபாய்க்கு இருக்கும்போது 26,000-ஐயும் நிறுத்தி வைப்பது வழக்கைத் தோற்பதற்கு எளிய வழி.

வழக்கு வாடகை நீதிமன்றத்தில் நடக்கும், மேல்முறையீடு வாடகைத் தீர்ப்பாயத்துக்கு. இந்தச் சட்டத்துக்குள் வரும் விஷயங்களை உரிமையியல் நீதிமன்றம் எடுக்க முடியாது என்பதால், வேறு இடத்தில் மனுப் போட்டு நாளைத் தொலைக்காதீர்கள். நீதிமன்றத்தின் சம்மன் வந்தால் போகாமல் இருப்பதும் கூடாது. ஒருதலைப்பட்சமாக உத்தரவு ஆகிவிட்டால், அதைத் திருப்புவதற்கே தனியாக அலைய வேண்டும்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | முழுதும் கட்டுவது | தவணை | கிளம்புவது | எதிர்ப்பது |
|---|---|---|---|---|
| ஒரு மாதத்துக்குள் தேவைப்படும் பணம் | பாக்கி, வட்டி, நடப்பு வாடகை | முதல் தவணை, நடப்பு வாடகை | வண்டி, புதிய அட்வான்ஸ் | மறுக்காத பாக்கி, வழக்குச் செலவு |
| வீடு நிலைக்குமா | நிலைக்கும், சலுகை ஒருமுறை | எழுத்தில் இருந்தால் மட்டும் | இல்லை | ஆதாரத்தைப் பொறுத்தது |
| கவனிக்காத செலவு | கடன் வட்டி | காலி செய்வதாக நுழையும் வரி | பெயின்ட், முன்னறிவிப்புக் காலம் | இரு மடங்கு இழப்பீடு |
| இல்லாமல் நடக்காத காகிதம் | வங்கிப் பதிவு, பதில் கடிதம் | இரு தரப்புக் கையெழுத்து | சாவி ஒப்புகை, கணக்கு | ஒப்பந்தம், திரும்பிய மணியார்டர் |

பள்ளி ஆண்டு நடுவில் இருக்கும் பிள்ளைகள், இதே பகுதியில் வேலை, முதல் தடவை பாக்கி என்றால் நகையை வைத்தாவது முதல் வழி. தொகை பெரிது, வேலை திரும்பக் கிடைத்துவிட்டது, வீட்டுக்காரர் பேசக்கூடியவர் என்றால் இரண்டாவது. எழுத்து ஒப்பந்தமும் இல்லை, இரண்டாவது முறை பாக்கி, வருமானமும் உறுதியில்லை என்றால் மூன்றாவதை இன்றே தொடங்குங்கள், தள்ளத் தள்ள அட்வான்ஸ் கரையும். நான்காவதைக் கையில் ஆதாரம் உள்ளவர் மட்டும் எடுக்கலாம். வழிகளைச் சேர்க்கவும் செய்யலாம். ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டி நோட்டீஸை முடித்துவிட்டு, அவசரமில்லாமல் சிறிய வீடு பார்த்துப் போவது பலருக்கும் பொருந்தும்.

எந்த வழியானாலும்: பூட்டும் ஃபியூஸும்

பாக்கி எத்தனை மாதமானாலும், மின் இணைப்பைத் துண்டிக்கவோ, ஃபியூஸைப் பிடுங்கவோ, தண்ணீர் மோட்டாரை நிறுத்தவோ, வேறு பூட்டுப் போடவோ வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு தடை செய்கிறது. வாடகை அதிகார அமைப்பில் மனுக் கொடுத்தால் விசாரணை முடியும் முன்பே வசதியைத் திரும்பத் தரச் சொல்லி இடைக்கால உத்தரவு கேட்கலாம். வீட்டுக்குள் வந்து பார்ப்பதற்கும் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

நீங்கள் வெளியே போயிருக்கும்போது பூட்டை மாற்றிவிட்டால், உடைத்துக்கொண்டு போகாதீர்கள். பூட்டிய கதவை வீடியோ எடுங்கள், அக்கம்பக்கத்தார் இருவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், 100-க்கு அழைத்துவிட்டுக் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். "இது சிவில் விஷயம்" என்பார்கள். அப்படியானாலும் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, கேட்டு வாங்குங்கள். எந்தத் தேதியில் வெளியே தள்ளப்பட்டீர்கள் என்பதற்கு அதுதான் சான்று. 1963-ஆம் ஆண்டுக் குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில், சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பக் கேட்கலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 எண்ணுக்கு அழையுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு இருக்கிறது. வீடு கணவன் பெயரில் இருந்தாலும் மனைவி நேரில் போய் யோசனை கேட்கலாம். போகும்போது நோட்டீஸ், அது வந்த கவர், ஒப்பந்தம், கடைசி ஓராண்டு வங்கிக் கணக்கு விவரம், ரசீதுகள், ஆதார் அட்டை, மின் கட்டண அட்டை ஆகியவற்றின் நகலை எடுத்துச் செல்லுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் மாதவாரியாக வாடகை எந்தத் தேதியில், எப்படி, எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எழுதி மேலே வையுங்கள். அங்கே இருப்பவர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான்.